டிவியும் செல்போனும் இருக்கிற வீட்டை ஏழை வீடு என்று சொல்லலாமா?

பாபநாசம் வாசகர் | 6 ஜூலை 2025, மாலை

போன மாசம் உலக வங்கி வறுமைக்கோட்டை ஒரு நாளைக்கு 2.15 டாலர்லேருந்து 3 டாலருக்குத் தூக்கிடுச்சு. நேத்துவரைக்கும் ஏழையா இல்லாதவன் இன்னைக்கு ஏழை. எங்க பக்கம் கூலி வேலைக்குப் போறவங்க வீட்டுல டிவி இருக்கு, மிக்சி கிரைண்டர் இருக்கு, செல்போன் இருக்கு. ரேஷன்ல அரிசி சும்மாவே கிடைக்குது. பட்டினின்னு ஒருத்தரைக் காட்ட முடியாது. சமூகவியல் படிச்சவங்க மட்டும் வறுமைக்குப் புதுசு புதுசா விளக்கம் சொல்லிக்கிட்டே போறாங்க. என் கட்சி இதுதான்: வயிறு நிறைஞ்சா வறுமை முடிஞ்சது. அதுக்குமேல கேக்கறதெல்லாம் ஆசை. மறுக்கறவங்க மறுக்கலாம்.

கடைமடை | 6 ஜூலை, இரவு

மறுக்கிறேன் ஐயா. வயிற்றை வைத்து முதன்முதலில் முறையாகக் கணக்குப் போட்டவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சீபோம் ரௌன்ட்ரீ. இங்கிலாந்தில் யார்க் நகரத்துச் சாக்லேட் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1899-ல் அந்த ஊர்த் தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து 1901-ல் வெளியிட்டார். உடம்பு உழைக்கத் தெம்போடு இருப்பதற்கு வேண்டிய சாப்பாடு, துணி, அடுப்புக்கரி, வாடகை. அவர் போட்ட கோடு அவ்வளவுதான். அந்தக் கோட்டில் வாழ்கிற குடும்பம் எப்படி இருக்கும் என்று அவரே எழுதினார்: ரயில் ஏறக் கூடாது, பத்திரிகை வாங்கக் கூடாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக் கூடாது, ஏனென்றால் தபால்தலைக்குக் கணக்கில் காசு ஒதுக்கவில்லை. பிள்ளைக்குப் பொம்மை கிடையாது. ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

இப்படித்தான் மனிதன் வாழ வேண்டும் என்று சொல்வதற்காக அவர் இதை எழுதவில்லை. இவ்வளவு இறுக்கிப் பிடித்த கோட்டுக்குக் கீழேயும் யார்க் மக்களில் 9.91 சதவீதம் பேர் இருந்தார்கள். வருமானம் கோட்டைத் தொட்டும் அதில் ஒரு பகுதி வேறு வழியில் போய்விடுவதால் வறுமையிலேயே கிடப்பவர்களையும் சேர்த்தால் 27.84 சதவீதம். சோம்பேறித்தனம்தான் வறுமைக்குக் காரணம் என்று பேசிக்கொண்டிருந்த ஊருக்கு அவர் சொன்ன பதில் அது. 1936-ல் மறுபடி கணக்கெடுத்தபோது பத்திரிகையும் ரேடியோவும் அவருடைய பட்டியலுக்குள் வந்துவிட்டன. வயிற்றுக் கணக்கைத் தொடங்கிவைத்தவரே வயிற்றோடு நிற்கவில்லை.

கடைமடை | 7 ஜூலை, காலை

செல்போன் விஷயம் தனி. எங்கள் ஊரில் நடவுக்கு ஆள் கூப்பிடுகிற மேஸ்திரி முன்பு தெருவுக்கு வந்து குரல் கொடுப்பார். இப்போது முந்தின நாள் இரவு போன் வரும். எடுக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். திருப்பூர் போன மகனும் போனில்தான் இருக்கிறான். ரௌன்ட்ரீயின் தபால்தலை இன்றைக்கு ரீசார்ஜ். அதை ஆசைக் கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

பஸ் கட்டணமும் அவர் பட்டியலில் இருந்தது. இங்கே 2021 மே மாதம் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் எடுத்த பிறகு, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்கு வாரம் தள்ளாமல் போகிற பெண்களை எனக்குத் தெரியும். அரிசியில் ஒரு மாற்றமும் இல்லை. அவர்கள் வாழ்க்கையில் இருக்கிறது.

கடைமடை | 9 ஜூலை

"வயிறு நிறையும் அளவு" என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி நம் மாகாணத்தில் ரௌன்ட்ரீக்கும் முன்பே எழுந்தது.

1877, தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்க்க வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு. மதராஸின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ் இது உயிரைப் பிடித்துவைக்கவே போதாது என்று சண்டை போட்டார். இரண்டு பேரும் ஒரே அரசாங்கத்தின் அதிகாரிகள். ஒருவர் கஜானாவைப் பார்த்துக் கணக்குப் போட்டார், மற்றவர் செத்துக்கொண்டிருந்த உடம்புகளைப் பார்த்துப் போட்டார்.

அதே காலத்தில், 1876-ல், தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமை பற்றிய கட்டுரையைப் படித்தார். சிறைக் கைதிக்கும் கப்பலேறும் கூலிக்கும் அரசாங்கமே நிர்ணயித்த சாப்பாட்டு அளவை எடுத்துக்கொண்டு, சாதாரண இந்தியனின் சராசரி வருமானம் அதற்குக்கூடப் போதாது என்று காட்டினார். நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்து நம் ஆட்கள் மலேயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அரசாங்கத்தின் கணக்கை வைத்தே அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்றினார் நௌரோஜி. அளவுகோல் ஒன்றுதான், பிடிக்கிற கை வேறு.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதே பாதை. 1979-ல் திட்டக்குழுவின் நிபுணர் குழு கிராமத்தானுக்கு 2,400 கலோரி, நகரத்தானுக்கு 2,100 என்று வைத்தது. 2009-ல் டெண்டுல்கர் குழு கலோரியை அடிப்படையாக வைப்பதை விட்டது. 2011-ல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் கிராமத்துக்கு நாளொன்றுக்கு 26 ரூபாய், நகரத்துக்கு 32 ரூபாய் என்று சொல்லப்போய் நாடே கொதித்தது. 2014-ல் ரங்கராஜன் குழு அதை 32, 47 என்று உயர்த்தியது. நீங்கள் சொல்கிற 3 டாலரும் இந்த வரிசைதான் ஐயா. அந்த டாலரும் சந்தையில் மாற்றுகிற டாலர் இல்லை. ஒவ்வொரு நாட்டு விலைவாசிக்கும் ஏற்றபடி வாங்கும் திறனைக் கணக்குப் பண்ணின டாலர். விலைக் கணக்கின் ஆண்டை மாற்றினார்கள், ஏழை நாடுகள் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட கோடுகளையும் புதுப்பித்துப் பார்த்தார்கள், கோடு நகர்ந்தது.

கடைமடை | 10 ஜூலை

"கோடு வேண்டாம் என்கிறீர்களா?" என்று திருவையாற்று நண்பர் கேட்டிருக்கிறார். இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட். 1979-ல் வந்த அவருடைய பெரிய ஆய்வு கேள்வியையே திருப்பிப் போட்டது. தான் இருக்கும் சமூகத்தில் எல்லோரும் சாதாரணமாகச் சாப்பிடுகிற சாப்பாடு, கலந்துகொள்கிற காரியம், இருக்கிற வசதி ஆகியவற்றிலிருந்து கையில் வக்கில்லாததால் ஒருவர் ஒதுங்கிப்போக நேர்ந்தால் அது வறுமை. பிரிட்டனில் அவர் கேட்ட கேள்விகள்: ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இறைச்சி விருந்து உண்டா? பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாலு பேரைக் கூப்பிட்டீர்களா? கடைசியாக எப்போது வீட்டுக்கு விருந்தாளி வந்தார்?

இதைப் படித்தபோது எனக்குப் பேராவூரணி மொய் விருந்துதான் ஞாபகம் வந்தது. இன்னும் சில நாளில் ஆடி பிறக்கும், பந்தல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் மொய் என்பது கணக்கு நோட்டில் ஏறுகிற கடன், வாங்கியதைவிடக் கூட்டித் திருப்ப வேண்டும். எங்கள் கீழ்ப்பக்கத்தில் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. ஆனால் செய்முறை உண்டு. தங்கை பெண் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர். பங்காளி வீட்டுச் சாவுக்கு மாலை, கோடித்துணி. செய்ய முடியாத ஆள் என்ன செய்வார் தெரியுமா? உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருப்பார். இரண்டு காரியத்துக்கு அப்படிப் போகாமல் இருந்தால் மூன்றாவதுக்குப் பத்திரிகை வராது. பத்திரிகை வராத வீட்டுக்கு அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றும் கிடைக்காது. மொய் கொடுக்க முடியாதது ஆசையின் தோல்வி என்று நினைக்காதீர்கள். கஷ்டகாலத்தில் கைகொடுக்கும் கூட்டத்திலிருந்து பெயர் நீங்குகிறது.

1776-லேயே ஆடம் ஸ்மித் இதைத் தொட்டிருக்கிறார். லினன் சட்டை உயிர்வாழத் தேவையில்லை, ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது இல்லாமல் ஒரு கூலிக்காரர் நாலு பேர் முன்னால் நிற்கக் கூசுவார், அதனால் அதுவும் அத்தியாவசியம்தான் என்று.

டவுன்சென்டுக்கு எதிர்வாதமும் வந்தது, அதை மறைக்கக் கூடாது. 1981-ல் டேவிட் பியாஷோ கேட்டார்: இறைச்சி விருந்து இல்லாதவர் மரக்கறிக்காரராக இருந்தால்? விருப்பத்தையும் இயலாமையையும் எப்படிப் பிரிப்பது? 1983-ல் ஜோனா மேக்கும் ஸ்டூவர்ட் லான்ஸ்லியும் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல வழி கண்டது. எது அத்தியாவசியம் என்பதை ஆய்வாளர் முடிவு செய்யாமல் பொதுமக்களையே கேட்டார்கள். பிறகு, இல்லை என்று சொன்னவரிடம் "வேண்டாம் என்று இல்லையா, முடியாமல் இல்லையா" என்று கேட்டார்கள். நம் ஊரில் இதைச் செய்தால் பட்டியலில் முதலில் தீபாவளித் துணி வரும் என்று நினைக்கிறேன். அடுத்தது வெளியூர்ச் சாவுக்குப் போகப் பஸ் காசு.

கடைமடை | 11 ஜூலை

நேற்று எழுதினதில் ஒன்று உறுத்துகிறது. டவுன்சென்ட் கணக்கில் காசு இல்லை, அதனால் ஒதுங்குகிறான். எங்கள் ஊர்களில் காசு இருந்தும் ஒதுக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சேரியில் வீட்டுக்கு இவ்வளவு என்று திருவிழா வரி சேர்த்துக் கொண்டுபோனால், ஊர்த்தெருவில் வாங்க மாட்டோம் என்ற இடங்கள் உண்டு. வரி வாங்கிக்கொண்டால் தேரில் பங்கு கொடுக்க வேண்டுமே. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலைக்காரர்களைப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-ல் எழுதியதை வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். பிரிட்டனில் வறுமையிலிருந்து ஒதுக்கம் பிறந்தது. காவிரி டெல்டாவில் பெரும்பாலும் ஒதுக்கம் முந்திக்கொள்கிறது.

கடைமடை | 15 ஜூலை

பாபநாசம் ஐயா, "பட்டினின்னு ஒருத்தரைக் காட்ட முடியாது" என்றீர்களே, அதைப் பற்றி.

கல்லூரியில் படித்தபோது விடுமுறையில் ஒரு குடும்பக் கணக்கெடுப்புக்குப் போனேன். என் அம்மா நடவு, களையெடுப்பு வேலை செய்து எங்களை வளர்த்தவர். அதனால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடு போனேன். கணக்கெடுப்பு மாசியில். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு, வீட்டில் கொஞ்சம் நெல். ரோடு காய்ந்து கிடந்தது, தெருவரைக்கும் வண்டி போனது. மூன்று வேளையும் சாப்பாடா என்றால் எல்லா வீட்டிலும் ஆமாம். ஆமாம் என்றே எழுதினோம்.

அதே வீடுகளை ஐப்பசி கடைசியில் பார்த்தால் என்ன எழுதியிருப்போம்? நடவு முடிந்திருக்கும், அறுப்புக்குத் தை வரை காத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நேரம், வடிகால் நிரம்பி வயல் எது தெரு எது என்று தெரியாது. விறகு நனைந்திருக்கும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல். கடைக்காரர் நோட்டில் இனி எழுத மாட்டேன் என்பார். நகை இருந்தால் அடகுக்குப் போகிற மாதம் அது. எந்தக் கணக்கெடுப்புக்காரரும் அந்தச் சேற்றில் இறங்கி வரமாட்டார்.

இதை ராபர்ட் சேம்பர்ஸ் 1983-ல் எழுதியிருக்கிறார். 1970களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் நடந்த ஆய்வில் பங்குகொண்டவர், அதனால் நம் பக்கத்து மழையும் வெயிலும் தெரிந்தவர். அதிகாரிகளும் ஆய்வாளர்களும் தார்ரோட்டை ஒட்டியே பார்க்கிறார்கள், காய்ந்த பருவத்தில் வருகிறார்கள், ஆண்களிடம் பேசுகிறார்கள், ஊர்ப் பெரியவர் காட்டுகிறவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றார். ஏழ்மையை அவர் ஐந்து முடிச்சாகப் பார்த்தார்: கையில் இல்லாமை, உடம்பில் வலுவின்மை, தனித்துக் கிடப்பது, ஒரு அடி விழுந்தால் தாங்காத நிலை, அதிகாரமின்மை. ஒன்றை அவிழ்க்கப் போனால் மற்றது இறுகும்.

அந்த மாசிக் கணக்கெடுப்பில் இன்னொன்றும் நடந்தது. ஒரு அம்மாவிடம் கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற நிலக்காரர் ஒரு தொகை சொன்னார். அந்த அம்மா தலையாட்டினார். நானும் எழுதிக்கொண்டேன். ஏழை சொன்னால் நல்ல பொருளும் எடுபடாது என்று நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னார். இங்கே சொல்லவே விடவில்லை.

கடைமடை | 17 ஜூலை

மன்னார்குடி வாசகருக்கு. "எனக்கு 5 ஏக்கர், கஜாவில் தென்னை போனது, கடன் கழுத்தளவு. என்கிட்ட வேலை செய்யற ஆள் என்னைவிட நிம்மதியா இருக்கார். நான் ஏழை இல்லையா?"

2018 நவம்பர் 16 விடியலில் அந்தப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எத்தனை குடும்பம் ஒரே ராத்திரியில் விழுந்தது என்று எனக்குத் தெரியும் அண்ணே. தென்னை மறுபடி காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். உங்கள் வலியைச் சின்னதாக்க மாட்டேன். சேம்பர்ஸ் சொன்ன நாலாவது முடிச்சு, அடி விழுந்தால் தாங்காத நிலை, அது உங்களுடையது. உங்கள் வருமானம் சில வருஷம் பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போயிருக்கலாம்.

ஆனால் சொசைட்டியில் உங்கள் பெயருக்குப் பயிர்க்கடன் கணக்கு இருக்கிறது. சிட்டா உங்கள் பெயரில். தாலுகா ஆபீசில் நாற்காலி போடுவார்கள். உங்கள் ஆளுக்கு நஷ்டஈட்டுப் பட்டியலில் இடமே கிடையாது, ஏனென்றால் அவர் இழந்தது வேலைநாளை, மரத்தை அல்ல. அமர்த்தியா சென் 1981-ல் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து சொன்னது இதோடு சேர்ந்ததுதான். 1943-ல் அரிசி அடியோடு இல்லாமல் போனதால் மட்டும் லட்சக்கணக்கில் சாகவில்லை. அரிசியைக் கேட்டு வாங்கும் உரிமை, அதாவது கூலி, விலைக்கு விற்க ஒரு பொருள், இவை யாரிடம் அறுந்ததோ அவர்கள் செத்தார்கள். விவசாயக் கூலிகளும் மீனவர்களும் முதல் வரிசையில்.

நடுவில் ஒருவரை நாம் இருவருமே மறந்துவிட்டோம்: வாய்மொழிக் குத்தகைக்காரர். நஷ்டம் அவருடையது, நிவாரணம் பட்டாக்காரருக்கு. கொள்முதல் நிலையத்தில் நெல் போடக்கூட அடங்கலுக்கு விஏஓ முன்னால் நிற்க வேண்டும். எந்த வரையறையும் அவருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை.

கடைமடை | 20 ஜூலை

இந்த இழையில் நான் சொல்ல வந்தது இதுதான். டெல்டாவில் வறுமையைப் பிடிக்க, "என்ன இருக்கிறது" என்று கேட்டால் பாதிதான் கிடைக்கும். "யார் சம்மதித்தால் அது நிலைக்கும்" என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் தாத்தா பண்ணையாள். நெல்லுக்குப் பஞ்சமில்லாத ஜில்லாவில், நெல்லுக்கு நடுவில் வாழ்ந்தார். களத்தில் கூலி அளக்கிற மரக்கால் பண்ணையுடையது, குடிசை போட்டிருந்த மனையும் பண்ணையுடையது. கூலி பற்றி ஒரு வார்த்தை பேசினால் அன்று மாலையே மனையைக் காலி பண்ணு என்பார்கள். சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கிற சாணிப்பாலும் சவுக்கடியும் அந்தக் காலத்துத் தண்டனைகள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களில் சங்கம் கட்டியபோது முதல் கோரிக்கைகளில் ஒன்று அதை நிறுத்துவதாக இருந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த நேரத்தில்தான் மானிடவியலாளர் கேத்லீன் காஃப் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்துகொண்டிருந்தார். கும்பாபேட்டை என்று அவர் பெயரிட்ட ஊரிலும், நாகை பக்கத்தில் கீரிப்பூர் என்று பெயரிட்ட ஊரிலும். 1976-ல் திரும்பியும் வந்தார். காஃபின் முதல் ஆய்வுக்குப் பத்தாண்டு கழித்து சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் இன்னொரு தஞ்சைக் கிராமத்தை எடுத்துக்கொண்டு சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் எப்படிப் பின்னியும் பிரிந்தும் கிடக்கின்றன என்று 1965-ல் எழுதினார். இவர்களைப் படித்தால் இங்கே வறுமை என்பது வெறும் வருமானப் பற்றாக்குறை இல்லை, ஒரு கட்டுமானம் என்று தெரியும்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தைவிட்டு விலக மறுத்தார்கள். எந்தக் கலோரிக் கணக்கை வைத்தும் அந்தத் தீயை விளக்க முடியாது. கூடுதலாகக் கேட்ட நெல் அந்த நிலங்களுக்கு ஒன்றுமே இல்லை. கேட்டதுதான் குற்றமாகப் பட்டது.

1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது, குடியிருந்தவர்களுக்கே மனை சொந்தம் என்று. என் கணக்கில் டெல்டாவின் மிகப் பெரிய வறுமை ஒழிப்புச் சட்டம் அது. ஒரு ரூபாய் வருமானத்தைக் கூட்டவில்லை. ஆனால் மறுநாள் காலை என் பாட்டி களத்தில் மரக்கால் சரியாக இல்லை என்று சொல்ல முடிந்தது. சொன்னாராம். எங்கள் வீட்டில் இப்போதும் அதைப் பேசுவார்கள். பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-ல் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பு, நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிய வைத்தது. அதுவும் இந்த வழியில்தான்.

இன்னும் முடியவில்லை. கோயில் மனையிலும் மடத்து மனையிலும் தலைமுறையாக இருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் அரசு வீடு இல்லை.

கடைமடை | 21 ஜூலை

"அப்படியானால் ரேஷன் வாங்குவதும் ஒருவர் சம்மதத்தில் வாழ்வதுதானே?" என்று கேட்ட கும்பகோணத்துத் தம்பிக்கு.

நல்ல கேள்வி. ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-ல் இதைத்தான் யோசித்தார். கையில் குறைவாக இருப்பதால் மட்டும் ஒருவர் சமூகத்தில் ஏழை என்ற வகைக்குள் வருவதில்லை. உதவி பெறுகிறபோது, அல்லது பெற வேண்டியவர் என்று மற்றவர்கள் ஒதுக்கிவைக்கிறபோதுதான் அந்த வகை உருவாகிறது என்றார். உதவி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதே ஏழையை உண்டாக்குகிறது.

இந்தக் கண்ணால் நம் ரேஷன் கடையைப் பாருங்கள். 1997-ல் மத்திய அரசு ஏழை, ஏழையல்லாதார் என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. 2011-லிருந்து அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். வாத்தியாரும் வாட்ச்மேனும் களையெடுக்கிற அம்மாவும் ஒரே வரிசை. நான் ஏழை என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. பட்டியல் போட்டு, மதிப்பெண் போட்டு, உன் வீட்டில் ஃபேன் இருக்கிறதே என்று விரட்டுகிற முறையில் இந்த மரியாதை இருக்காது.

கடைமடை | 26 ஜூலை

டாஸ்மாக்கைச் சொல்லி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். "குடிச்சே அழியறான், தலைமுறைக்கும் அதே புத்தி." இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவமும் உண்டு. மானிடவியலாளர் ஆஸ்கார் லூயிஸ் மெக்சிகோவிலும் பிறகு போர்ட்டோ ரிக்கோக்காரர்களிடையிலும் ஆராய்ந்து, 1959-லிருந்து, வறுமைக்கென்று ஒரு கலாசாரம் உண்டு, பிள்ளைகள் அதைச் சின்ன வயதிலேயே உள்வாங்குகிறார்கள் என்றார். 1968-ல் சார்ல்ஸ் வேலன்டைன் இதைக் கடுமையாக மறுத்தார்: சூழ்நிலையின் விளைவைக் குணமாக எழுதுகிறீர்கள்.

குடி எங்கள் தெருவில் செய்த நாசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் சொந்தத்திலேயே அதனால் போனவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தெருவின் அடுத்த தலைமுறை நர்சிங் படிக்கிறது, சிங்கப்பூர் போகிறது. புத்தி தலைமுறைக்கும் மாறாது என்றால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மனைப்பட்டா, விடுதி, உதவித்தொகை வந்தது. சூழ்நிலை நகர்ந்தது, கலாசாரம் என்றது கலைந்தது.

கடைமடை | 2 ஆகஸ்ட்

கோட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று திருவையாற்று நண்பரிடம் சொல்லியிருந்தேன்.

இப்போது பலபரிமாண வறுமைக் குறியீடுதான் புழக்கத்தில் இருக்கிறது. சபினா அல்கையரும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் வகுத்த முறை, 2010-லிருந்து ஐநா வளர்ச்சித் திட்டம் பயன்படுத்துகிறது. நிதி ஆயோக் 12 அளவுகளை வைக்கிறது: ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பிரசவகாலக் கவனிப்பு, பள்ளிப்படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு என்று போகும். தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி சுமார் 2 சதவீதம் பேர்தான் ஏழைகள். இது பொய் இல்லை. பல பத்தாண்டு உழைப்பின் பலன்.

ஆனால் கடன் அந்தப் பன்னிரண்டில் இல்லை. வங்கிக் கணக்கு இருந்தால் ஒரு குறை தீர்ந்ததாக அர்த்தம், அந்தக் கணக்கில் விழுகிற பணம் எந்தக் குழுக்கடனுக்குப் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. முன்பு அறுப்புக் கூலி நெல்லாக வரும், சில மாதச் சாப்பாடு மூட்டையில் இருக்கும். பெல்ட் மெஷின் வந்து அறுப்பை எடுத்துக்கொண்டது. நேரடி விதைப்பு நடவைக் குறைத்தது. மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு ஆள் வருகிறார்கள், அவர்கள் ஊரில் இன்னும் மோசம். இந்த வருஷம் ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்தும், எங்கள் தெருப் பெண்களுக்குக் குறுவையில் கிடைத்த வேலைநாள் கொஞ்சம்தான். இடைவெளியை அடைப்பது நூறு நாள் வேலையும் குழுக்கடனும். வாரத் தவணை நாளில் தெருவில் ஒருவரும் சத்தமாகப் பேசுவதில்லை.

அதனால் கோடு வேண்டாமா என்றால், வேண்டும். இதை யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உறவு, அவமானம், அதிகாரம் என்று மட்டும் பேசினால், நெல் குறைந்த வருஷத்தில் அரசாங்கம் நம்மைக் கைகழுவ வசதியாகிவிடும். சென் 1983-ல் டவுன்சென்டோடு போட்ட சண்டை இங்கே உதவும்: வாழவும் கூசாமல் நடமாடவும் முடிகிறதா என்பது எங்கேயும் ஒரே அளவு, அதில் சலுகை கிடையாது. அதற்கு வேண்டிய பொருள் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அன்றைய ஐரோப்பாவில் சட்டை, பேராவூரணியில் மொய்.

வயிற்றையும் நான் விட்டுவிடவில்லை பாபநாசம் ஐயா. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இதே 2019-21-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அரிசி நிறைந்த வயிறு அது.

கடைமடை | 9 ஆகஸ்ட்

திருவாரூரில் ஆய்வு செய்யும் தங்கைக்கு: "ஒரே கூரையின் கீழ் மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனி ரேஷன் கார்டு. இதை ஒரு குடும்பம் என்று எழுதவா, இரண்டா?"

தேசிய மாதிரி ஆய்வு ஒரே சமையலைச் சாப்பிடுகிறவர்களை ஒரு குடும்பமாக எடுக்கும். அடுப்பு இரண்டு என்றால் இரண்டு என்று எழுதிக்கொள். ஆனால் ஒரே அடுப்பு என்பதால் ஒரே நிலை என்று நினைத்துவிடாதே அம்மா. வீட்டு வருமானத்தைத் தலைக்கு வகுத்தால் எல்லோருக்கும் சமமாக வரும், தட்டில் அப்படி வருவதில்லை. பெண்ணிய ஆய்வாளர்கள் இதை விடாமல் சொல்லி வந்திருக்கிறார்கள். ரூத் லிஸ்டர் வறுமை பற்றி 2004-ல் எழுதியதைக் கட்டாயம் படி. பொருள் இல்லாமை நடுவில், அவமரியாதையும் குரலின்மையும் அதைச் சுற்றி என்று அவர் வைத்திருக்கும் விதம் உன் ஆய்வுக்கு உதவும். முட்டை வாங்கின அன்று யாருக்குக் கிடைத்தது என்று கேள். கடன் யார் பெயரில், செலவு யார் செய்தது என்று தனித்தனியாகக் கேள். ஆண்கள் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதே, மூன்று மணிக்குமேல் குளத்தங்கரைக்கோ பம்ப்செட்டுக்கோ போனால் பேசுவார்கள்.

முதல் சுற்றைக் குறுவை அறுப்புக்கு முன்னால் முடித்துவிடு. அதே வீடுகளுக்கு ஐப்பசி கடைசியில் மறுபடி போ, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. கையில் நோட்டும் தோளில் பையுமாகக் காலையில் போகாதே. குழுக்கடன் வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறக்க மாட்டார்கள்.